மிளகுத்தண்ணீர்

மார்கழிப் பனியில் தலை கனத்தால் சென்னையின் மேனாம்பேட்டிலும் அம்பத்தூரிலும் முதலில் அடுப்பேறுவது மிளகு ரசம்தான். ‘ரசம்’ வடசொல், சாறு, சுவை என்றெல்லாம் பொருள்படும். தமிழில் அது சாறு. வைணவர் வீடுகளில் சாற்றமுது, பேச்சில் சாத்தமுது. இன்னொரு பெயர் மிளகுத்தண்ணீர். தண்ணீர் என்பது தண்+நீர், குளிர்ந்த நீர். குளிருக்குச் சுடச்சுடக் குடிப்பதற்கு இப்படியொரு பெயர்!

இந்தச் சொல்தான் மதராஸ் வெள்ளைக்காரர் வாயில் ‘மல்லிகடானி’ ஆனது. 1784-லேயே ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. சென்னை மாகாண அதிகாரிகளுக்கு ‘மல்’ என்ற பட்டப்பெயரே இதிலிருந்து வந்தது என்கிறது 1886-இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி. சொல்லோடு போன பண்டம்தான் உருமாறிவிட்டது: இறைச்சி, வெங்காயம், கறித்தூள், சில வீடுகளில் ஆப்பிள்கூட. அது நல்ல சூப்பாக இருக்கலாம், மிளகுத்தண்ணீர் அல்ல.

நம்முடையதற்கு ஒரு ஸ்பூன் மிளகு, அரை ஸ்பூன் சீரகம், நாலு பல் பூண்டு போதும். அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். மைய அரைத்தால் கசக்கும். நெல்லிக்காயளவு புளியைக் கரைத்து, உப்பும் மஞ்சளும் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, தட்டியதைச் சேர்த்துத் தண்ணீர் விளாவுங்கள். ஓரத்தில் நுரை கட்டி மேலெழும்போது இறக்கி, நெய்யில் கடுகு, கறிவேப்பிலை தாளியுங்கள். மறுபடி கொதிக்க விடாதீர்கள், மணம் போய்விடும்.