வடிதட்டும் குக்கர் வெயிட்டும்

குக்கர் சோறு குழைந்தால் பழி அரிசிக்கடைக்காரருக்குப் போகும். வடித்த சோறு குழைந்தால் அடுப்படியில் நின்றவருக்கு. இந்த வழக்கத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. வடிக்கும்போது, எப்போது நிறுத்துவது என்ற முடிவு கடைசி நிமிஷம் வரை சமைப்பவர் கையில் இருக்கிறது. குக்கரிலோ மூடியைத் திருகியதும் அது கையை விட்டுப் போய்விடுகிறது. தண்ணீர், தீ, விசில் என எல்லாக் கணக்கையும் முன்கூட்டியே போட்டாக வேண்டும்.

அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு உண்டு. அமைலோஸ் கூடுதலாக இருக்கும் ரகம் உதிரும். அமைலோபெக்டின் மிகுந்தது ஒட்டும். இது விதையோடு வந்த குணம், அடுப்பில் மாற்ற முடியாது. புது அரிசி குழைவதும், ஆறு மாதமோ ஒரு வருஷமோ கிடந்த பழைய அரிசி விறைப்பாக நிற்பதும் எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். புழுங்கலரிசி நெல்லாக இருக்கும்போதே ஒருமுறை வெந்து, காய்ந்து, இறுகியது. அதனால் எளிதில் உடையாது. எந்த அரிசியானாலும், அளவு மீறி வெந்தால் பருக்கை வெடித்து உள்ளிருக்கும் மாவு வெளியே கசியும். அந்தக் கசிவு எங்கே போகிறது என்பதில்தான் இரண்டு முறைகளும் பிரிகின்றன.

வடிக்கிற வீட்டில் அது கஞ்சியோடு போய்விடுகிறது. உலையில் அரிசியைப் போல ஐந்தாறு பங்கு தண்ணீர் கொதிக்கிறது. பருக்கைகள் நெருக்கியடிக்காமல் புரண்டு வேகின்றன. தண்ணீர் ஒரு சொம்பு கூடினாலும் குறைந்தாலும் சோறு கெடாது. கெடுப்பது நேரம் மட்டுமே. கரண்டிக் காம்பில் நாலு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பது அதற்காகத்தான். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் ஒரு கொதி. புள்ளி மறையப் போகிற சமயத்தில் இறக்கிவிட வேண்டும். முழுக்க மறையட்டும் என்று காத்திருந்தால் தாமதம்தான், ஏனென்றால் பானையைச் சாய்த்து வைத்த பிறகும் உள்ளே இருக்கும் சூட்டில் சோறு வெந்துகொண்டே இருக்கும். புழுங்கலுக்கு இந்த இடத்தில் சில நிமிஷம் சலுகை உண்டு. பச்சரிசிக்குக் கிடையாது, கவனம் பிசகினால் கஞ்சியும் சோறும் ஒன்றாகிவிடும். இறக்குவதற்கு முன் ஒரு சொம்பு பச்சைத்தண்ணீரை ஊற்றுகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. வேகலை அது அந்த இடத்திலேயே நிறுத்துவதோடு, கொழகொழவென்றிருக்கும் கஞ்சியையும் நீர்க்கச் செய்து ஓட விடுகிறது. நல்ல யோசனை. சாய்த்த பானையைப் பாதியில் மறந்துவிட்டு, கஞ்சி ஆறிய பிறகு வடிக்கப் போவதுதான் உதவாது. ஆறின கஞ்சி இறுகிப் பருக்கையைப் பிடித்துக்கொள்ளும்.

கல்யாணச் சமையலில் இந்தப் பதக் கணக்கு இன்னும் கடுமையானது. மூட்டைக் கணக்கில் வேகிற அண்டாவின் நடுவில் சூடு லேசில் அடங்காது. அதனால் சமையல்காரர்கள் முக்காலுக்குச் சற்று மேல் வெந்ததுமே மூங்கில் கூடையில் கொட்டி வடித்துவிடுகிறார்கள். மிச்சத்தை அந்தச் சூடே பார்த்துக்கொள்கிறது. வீட்டில் நாலு பேருக்கு வடிப்பவர் அவ்வளவு முந்த வேண்டியதில்லை.

குக்கரின் கதை வேறு. 1679இல் தெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் முதல் அழுத்தக் கலத்தைச் செய்தது எலும்பை மெத்தென்று ஆக்குவதற்காக. அதன் வழிவந்த பாத்திரத்திடம் பருக்கை பருக்கையாகச் சோறு கேட்பது கொஞ்சம் அநியாயம்தான். திறந்த பானையில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. வெயிட் தூக்கும் நேரத்தில் குக்கருக்குள் ஏறக்குறைய 120. அந்தச் சூட்டில் மாவு சீக்கிரம் கசியும், கசிந்தது வெளியே போக வழியும் இல்லை. ஊற்றிய தண்ணீரையெல்லாம் அரிசி குடித்து முடிக்கும்போது கஞ்சி பருக்கைமேலேயே பூசிக்கொள்கிறது. எனவே அரிசி களைவதில் வடிப்பவர் சோம்பல்படலாம், குக்கர் வைப்பவர் கூடாது. தீட்டும்போது ஒட்டிய தூளெல்லாம் போய், கழுநீர் ஓரளவு தெளியும்வரை களைய வேண்டும்.

அடுத்தது தண்ணீர். ஒரு டம்ளருக்கு இத்தனை என்று மனப்பாடம் செய்தவர்கள், விருந்தாளி வந்த அன்று அரிசியை இரட்டித்துத் தண்ணீரையும் இரட்டிக்கிறார்கள். சோறு குழைகிறது. அரிசி குடிக்கும் தண்ணீர் இரட்டிக்கும். ஆவியாகப் போகும் தண்ணீர் அப்படி இரட்டிப்பதில்லை. குக்கரில் நேரடியாக வைக்கும் பழைய பொன்னிப் பச்சரிசி ஒரு டம்ளருக்கு 2¼ டம்ளர் சரியாக இருந்தால், இரண்டு டம்ளருக்கு 4, நான்குக்கு 7½ போதும். புழுங்கலுக்கு ஒன்றுக்கு மூன்றிலிருந்து தொடங்கலாம். புது மூட்டை பிரித்தால் முதல் நாள் கால் டம்ளர் குறைத்து வைப்பது நல்லது. சோறு விறைத்தால் தண்ணீர் தெளித்துச் சரிசெய்யலாம், குழைந்ததை மீட்க முடியாது.

விசில் கணக்கை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பெரிய தீயில் மூன்று விசில் மளமளவென்று வந்துவிடும். சிறு தீயில் அதே மூன்றுக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகலாம். முதல் விசில் வந்ததும் அடுப்பைக் குறைத்துக் கடிகாரத்தைப் பார்ப்பது மேல். அணைத்த பிறகு வெயிட்டைத் தூக்கி ஆவியைச் சீறவிடுவதும் தப்பு. அழுத்தம் சட்டென்று விழும்போது சூடான பருக்கைக்குள் இருக்கும் நீர் கொதித்தெழுந்து பருக்கையைப் பிளக்கும். தானாக அடங்கியதும் உடனே திறக்க வேண்டும். மூடியபடியே அரை மணி கிடந்தால் மூடியில் சேர்ந்த நீர் சொட்டிச் சோற்றை நனைக்கும். சுடச்சுடக் கிளறாமல், ஓரத்திலிருந்து முள்கரண்டியால் மெல்ல எடுத்துவிட்டால் ஆவி போய்ப் பருக்கை நிற்கும்.

வடித்த சோற்றுக்குச் சொல்லப்படும் பெருமைகளில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கஞ்சியை இறுத்துவிட்டால் சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம் என்கிறார்கள். கஞ்சியில் போவது மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கு. தட்டில் இருப்பது அப்போதும் மாவுச்சத்துதான். கஞ்சியோடு பி வகை உயிர்ச்சத்துகளும் கொஞ்சம் போகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உப்புப் போட்டுக் குடிக்கிறவர்களுக்கு நஷ்டமில்லை.

பருப்புச் சோறு, பொங்கல், குழந்தைக்குப் பிசைகிற தயிர்ச்சோறு இவற்றுக்கெல்லாம் குக்கரே போதும், வடிப்பது வீண் வேலை. எலுமிச்சை, புளியோதரை என்று கலந்த சோறு செய்கிற நாளில் நான் வடிப்பவர்கள் பக்கம்; அப்போதும் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, ஆறவைத்த பிறகே கலக்க வேண்டும். இரவு மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைக்கும் வீடுகளுக்கும் வடித்த புழுங்கல்தான் சரி. குழையக் குழைய வெந்த குக்கர் சோற்றில் நீர் ஊற்றினால் காலையில் பழைய சோறு கிடைக்காது, மாவுக்கரைசல்தான் கிடைக்கும்.