ஆலை மூடிய பின்னும்

ஆலையின் கதவு மூடுவதோடு ஒரு பொருளின் வரலாறு முடிந்துவிடுவதில்லை. மைசூரில் பிறந்த ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்களே இதற்குச் சான்று.

ஜாவா என்பது இங்கே தீவின் பெயரன்று. 1929-இல் ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனத்திடம் மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் உரிமையைப் பெற்ற செக் நாட்டு யானெச்செக், இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்து அமைத்த பெயர். செக் மொழியில் 'யாவா'. நம் நாவில் 'ஜாவா'. 1960-களின் தொடக்கத்தில் ஐடியல் ஜாவா நிறுவனம் மைசூரில் தயாரிப்பைத் தொடங்கியது. பின்னர் யெஸ்டி என்ற பெயர் வந்தது. ஒற்றைச் சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர்கள். உதைத்துக் கிளப்பும் கிக்கரே கியர் மாற்றவும் பயன்படும்.

1996-இல் உற்பத்தி நின்றது. அதன்பின் வண்டிகளைக் காத்தவர்கள் மெக்கானிக்குகளும் உரிமையாளர் குழுக்களுமே. ஆண்டுதோறும் ஜூலை இரண்டாம் ஞாயிறன்று, ஜாவா தினத்தில், அவர்கள் கூடுகிறார்கள். அத்தகைய கூட்டங்களில் உதிரிபாகங்களோடு கைப்பழக்கமும் கைமாறுகிறது.

எனினும் புதுப்பித்தலில் ஒரு சிக்கல் உண்டு. சுவடிப் பதிப்பில் பாடபேதங்களை நீக்கிவிட்டால் நூல் சீராகலாம்; அது கடந்து வந்த கைகள் மறைந்துபோகும். தந்தை ஓட்டிய வண்டியின் டாங்கிக்குப் புது நிக்கல் பூசுகிறவரும் இதையே செய்கிறார். துருவை நீக்கத்தான் வேண்டும். அவர் முழங்கால் உரசித் தேய்ந்த இடத்தையுமா?

2018-இல் ஜாவா என்ற பெயர் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினோடு திரும்பிவந்தது. பெயரை நிறுவனம் மீட்கலாம். அந்தத் தேய்மானத்தை வைத்திருப்பவர் மட்டுமே காக்க முடியும்.