கிட்டங்கியில் கணக்கெழுதியவர்கள்



மலாயாவின் பொருளாதார வரலாற்றில் நாட்டுக்கோட்டை நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளுக்குத் தனியிடம் உண்டு. ஐரோப்பிய வங்கிகள் பெரிய தோட்டக் கம்பெனிகளோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்ட காலத்தில், மூவாரிலும் பத்து பகாட்டிலும் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் ரப்பர் வைத்திருந்த சிறு நிலக்காரர்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் செட்டியார்கள் முக்கியமானவர்கள். கொடிகட்டிப் பறந்த முதலாளிகளைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அந்தக் கடைகளில் சம்பளத்துக்கு இருந்து கணக்கெழுதியவர்களின் வாழ்க்கை எப்படி இருந்தது? அதையே இன்று பார்ப்போம்.

ஜொகூருக்கு அண்டையிலுள்ள சிங்கப்பூரில் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே செட்டியார்கள் தொழில் தொடங்கிவிட்டனர். தேங்க் ரோட்டில் அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் 1859ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மார்க்கெட் ஸ்திரீட்டில் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. கிட்டங்கி என்பது நீண்ட கூடம். ஒரே கூடத்தில் பல கடைகள் நடக்கும். ஒவ்வொரு கடைக்கும் சுவரோரமாக ஓரிடம். அங்கே ஒரு பெட்டகம், ஒரு சாய்வுப் பெட்டி, ஒரு பாய். பகலில் அதுவே அலுவலகம். இரவில் பாயை விரித்தால் அதுவே படுக்கையறை.

கடையில் வேலை பார்த்தவர்களுக்குப் படிநிலைகள் இருந்தன. பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டியதும் பெட்டியடிப் பையனாகச் சேர்வார்கள். எடுபிடி வேலையோடு பற்று வரவும் பழகவேண்டும். மாகாணி, அரைக்கால், காணி, முந்திரி என்று பின்ன வாய்பாடுகளை மனப்பாடம் செய்திருக்கவேண்டும். முந்திரி என்றால் முன்னூற்றிருபதில் ஒரு பங்கு! இன்று தோட்டப் பள்ளியில் என் மாணவர்களிடம் அரைக்கால் எவ்வளவு என்று கேட்டாலே விழிக்கிறார்கள். பையன் தேறினால் அடுத்தாள் ஆவான். அதற்கும் மேலே மேலாள், அதாவது ஏஜெண்டு. முதலாளியோ கடல் கடந்து காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். அவர் கொடுத்த அதிகாரப் பத்திரத்தின் பேரில் ஏஜெண்டு கடையை நடத்துவார்.

ஏஜெண்டுக்குத் தவணை மூன்றாண்டு. தவணை முழுவதற்கும் சம்பளம் பேசி, அதில் ஒரு பகுதியைப் புறப்படுமுன்பே கொடுத்துவிடுவார்கள். மனைவி மக்களை அழைத்து வருவதில்லை. சாப்பாடு கடைச் செலவு. பொழுது விடிந்தது முதல் கணக்கும் வசூலுமே வாழ்க்கை. அன்றைய வரவு செலவைக் குறிப்பில் எழுதி, பேரேட்டில் பெயர்த்து, ரொக்கத்தை எண்ணிச் சரிபார்க்கவேண்டும். கால் காசு குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து பார்க்கவேண்டியதுதான். கணக்கின் சுருக்கமும் ஐந்தொகையும் கப்பலேறி ஊருக்குப் போகும். முதலாளி கடையைக் கண்ணால் பார்ப்பதில்லை, காகிதத்தில்தான் பார்த்தார். இத்தனை ஒழுங்கு இருந்ததால்தான் ஊர்விட்டு ஊர் நம்பிப் பணம் அனுப்ப முடிந்தது.

ஆனால், இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இருந்தது. மூன்றாண்டுக்குள் எவ்வளவு வட்டி சேர்த்தார் என்பதே ஏஜெண்டுக்கு அளவுகோல். லாபத்தில் அவருக்கும் பங்கு கிடைப்பதுண்டு. கடன்காரர் கட்ட முடியாமல் போனால், வட்டியை முதலோடு சேர்த்துப் புதிய நோட்டு எழுதி வாங்குவது உண்டு. பெட்டகத்துக்கு ஒரு வெள்ளிகூட வராவிட்டாலும் பேரேட்டில் தொகை ஏறிக்கொண்டே போகும். நிலைமை தெரிந்தவர் கணக்கெழுதியவர். முடிவு செய்பவரோ வங்காள விரிகுடாவுக்கு அப்பால் இருந்தவர். சம்பளத்தில் ஒரு பகுதியை முன்னமே வாங்கிச் செலவழித்துவிட்ட ஓர் இளைஞர், 'இந்தக் கடன் தேறாது' என்று எழுதத் துணிவாரா?

1929ஆம் ஆண்டு உலக மந்தம் தொடங்கியது. 1932இல் ரப்பர் விலை அதுவரை காணாத அளவுக்கு விழுந்தது. பால்மரம் வெட்டும் கூலிக்குக்கூட விலை கட்டவில்லை. கடன்காரர்கள் கையை விரித்தார்கள். விரும்பாமலே பல செட்டியார் கடைகள் அடமான நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆயின. பர்மாவில் இது இன்னும் பெரிதாக நடந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார் கைவசம் இருந்தது. 1937இல் அது 25 பங்காகிவிட்டது. நிலம் போன குடியானவரின் கோபம் முதலில் யார்மேல் பாய்ந்திருக்கும்? ஊரில் இருந்த முதலாளிமேல் அல்ல, கடையில் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தவர்மேல்தான்.

அடுத்து வந்தன சட்டங்கள். மலாய்க்காரர் நிலம் பிறர் கைக்குப் போகாமல் காக்க, கூட்டு மலாய் மாநிலங்களில் 1933இலும் ஜொகூரில் 1936இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1942இல் ஜப்பானியர் ஆட்சி வந்தது. மதிப்பிழந்த ஜப்பானிய நோட்டைக் கொடுத்துப் பழைய கடனைத் தீர்த்தவர்கள் பலர். 1945இல் அந்த நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். பல்லாண்டு உழைத்துக் கணக்கை நேராக வைத்திருந்தவர்களின் பெட்டகத்தில் வெறுங்காகிதம் மிஞ்சியது.

நேயர்களே, சாய்வுப் பெட்டி போய்க் கணினி வந்துவிட்டது. நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வங்கி, காப்புறுதி அலுவலகங்களின் பின்கட்டில் கணக்குப் பார்க்கிறார்கள். மாதக் கடைசியில் இலக்கு எட்டவில்லை என்ற நெருக்கடி அவர்களுக்கும் உண்டு. கிட்டங்கியின் வரலாறு அவர்களுடைய மேலதிகாரிகளுக்கே முதலில் பாடமாகவேண்டும். ஓயாமல் வேலை வாங்கலாம், ஒழுங்கும் கற்பிக்கலாம். ஆனால் கணக்கெழுதுகிறவன் கண்டதைக் கண்டபடி சொல்ல வழியில்லாத கடையில், எவ்வளவு அழகான ஐந்தொகையும் ஆபத்தை மறைத்துவிடும். பேரேட்டில் முதலில் உண்மையைக் காண்பவன் அவன்தான். அவன் பேச்சுக்குக் காது கொடுப்பது நிர்வாகத்தின் கடமை.