‘ஏன் வரல?’ என்று கேட்க ஓர் ஆள்

சூளகிரி பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் அத்தை இருக்கிறார். பத்து வருஷத்துக்கு மேலாக பிபி, சுகர் இரண்டும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம்தான். ஆனால் போய் வர அரை நாள், அன்றைய கூலி போச்சு. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. “ஒடம்பு நல்லாத்தானே இருக்கு, அப்புறம் எதுக்குடா மாத்திரை?” என்பார். மாசக் கணக்கில் விட்டுவிடுவார். தலை சுற்றினால் மறுபடி ஆரம்பிப்பார்.

இப்போது விடுவதில்லை. அதே ஊர்ப் பெண் ஒருவர் மாதாமாதம் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்கிறார். மிச்சம் இருக்கும் மாத்திரையை எண்ணுகிறார். குறையாமல் இருந்தால் தெலுங்கில் நன்றாகத் திட்டும் விழுகிறது. எப்படி மாறினீர்கள் என்று அத்தையைக் கேட்டேன். “அவ வந்து கேப்பாளே!” என்றார்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு வரலாறு இருக்கிறது என்று தேடியதன் குறிப்புகள்தான் இவை.

அத்தை ஒன்றும் விதிவிலக்கு இல்லை. 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பின்படி, ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயில் 10.8 சதவீதம். அம்லோடிபினும் மெட்ஃபார்மினும் விலை குறைந்த பழைய மருந்துகள், அரசு நிலையங்களில் காசே இல்லை. அப்படியும் இந்த நிலைமை.

மாத்திரை இருந்தும் மனுஷன் ஏன் சாப்பிடுவதில்லை என்ற கேள்வியை மிகச் சீக்கிரம் எதிர்கொண்ட ஊர்களில் ஒன்று சென்னை. 1956-ல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்கை, பால், முட்டை, ஓய்வு என்று இருந்த காலம். அந்தப் படுக்கையும் எல்லோருக்கும் கிடைக்காது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு, சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதி சானடோரியத்துக்கு, இன்னொரு பகுதி வீட்டிலேயே. ஒரு வருஷம் இருவருக்கும் ஒரே மருந்து.

1959-ல் முடிவு வெளியானது. நெரிசலான வீடு, போதாத சாப்பாடு, வேலைச் சுமை எல்லாம் இருந்தும் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

இதை ‘வீடே போதும்’ என்று மட்டும் படித்தால் பாதிதான் படித்தோம். அந்த வீட்டு நோயாளிகளைச் சும்மா விடவில்லை. சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போனார்கள். சொல்லாமல் போய் மாத்திரை எண்ணினார்கள், மருந்து உள்ளே போனதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். இருமல் நின்றதும் மருந்தை நிறுத்துவது ஏழை, பணக்காரர் எல்லோருக்கும் பொதுவான பழக்கம் என்று ஃபாக்ஸ் கண்டுகொண்டார். ஒருவர் கண் முன்னால் மருந்து கொடுக்கும் முறையை அந்த மையமே 1960-களில் சோதித்துப் பார்த்தது. அதுதான் பின்னாளில் டாட்ஸ் என்று உலகெங்கும் போனது.

ஆனால் காசநோய்க்கு ஒரு முடிவு உண்டு. பிபிக்கும் சுகருக்கும் கிடையாது. முப்பது வருஷம் வீடு வீடாகப் போய்க் கேட்க ஆளுக்கு எங்கே போவது?

இங்கேதான் கதை நம்ம பக்கம் திரும்புகிறது. 1989-ல் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியமான இஃபாட் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியது அன்றைய தர்மபுரி மாவட்டத்தில். ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது அதற்குள்தான் இருந்தன. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் பெங்களூரின் மைராடா நிறுவனம் 1980-களின் நடுவிலேயே இப்படிச் சிறு குழுக்களோடு வேலை செய்துகொண்டிருந்தது. 1997-98-ல் மாநில அரசு இதையே மகளிர் திட்டம் என்று தமிழகம் முழுக்க விரித்தது.

குழு என்றால் சேமிப்பும் கடனும் என்றுதான் நினைப்போம். கூட்டம் நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் வேறொன்றும் தெரியும். யார் வரவில்லை என்று நோட்டில் குறிப்பார்கள். மறுநாள் இரண்டு பேர் அந்த வீட்டு வாசலில் நிற்பார்கள்: “ஏன் வரல?” புருஷனோ மாமியாரோ இருந்தாலும் உள்ளே போய்க் கேட்கும் உரிமையை இந்தக் குழுக்கள் வருஷக் கணக்கில் சம்பாதித்தன.

2017-ல் அனைவருக்கும் நலவாழ்வு முன்னோடித் திட்டத்துக்கு அரசு மூன்று வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்தது: புதுக்கோட்டையின் விராலிமலை, பெரம்பலூரின் வேப்பூர், கிருஷ்ணகிரியின் சூளகிரி. துணை சுகாதார நிலையங்களைப் பலப்படுத்தி மருந்தை ஊருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது இதே சூளகிரி வட்டாரத்தின் சாமனப்பள்ளியில். வீட்டுக்கே மாத்திரை, இயன்முறை மருத்துவம், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய்த் தணிப்புச் சிகிச்சை. மாத்திரையோடு வாசலுக்கு வரும் தன்னார்வலர்கள் மகளிர் குழுக்களிலிருந்து வந்தவர்கள். 2024-ல் இதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். நாள்பட்ட நோய்க்காரருக்கு மாத்திரையை விட அரிதான பொருள், விடாமல் கேட்கும் ஓர் ஆள். அந்த ஆளை ஒரே நாளில் நியமித்துவிட முடியாது. வாசலில் நின்றால் கதவு திறக்கும் மரியாதை அவருக்கு ஏற்கனவே இருக்க வேண்டும். அத்தை வீட்டுக்கு வருபவர் உப்பைக் குறைக்கச் சொல்லும்போது மருமகளும் கேட்டுக்கொள்கிறாள். ஊறுகாய் ஜாடி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்!

சரி, கதவு பூட்டியிருந்தால்?

அத்தை மகன், என்னை விடச் சின்னவன், ஓசூர் சிப்காட்டில் உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை. நாலு பேர் சேர்ந்து வாடகை ரூம். கம்பெனி பரிசோதனையில் 160/100 காட்டியது. ஒரு மாதம் மாத்திரை போட்டான், விட்டுவிட்டான். ஏன்டா என்றால், “ரூம்ல யாரு மாமா கேக்கப் போறாங்க?” என்றான். அம்மா சொன்னதையே மகன் தலைகீழாகச் சொல்கிறான்.

பகலில் தன்னார்வலர் வந்தால் ஒருவன் வேலையில் இருப்பான், இன்னொருவன் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பான். 1970-களிலிருந்து சிப்காட் இந்த ஊருக்கு வேலை கொண்டுவந்தது. வேலைக்கு வந்தவர்கள் சொந்தபந்தத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். 2024-ல் தொழிற்சாலைக்குள்ளேயே போகும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். கண்டுபிடிப்பது அங்கே நடந்துவிடும். அடுத்த மாதம் யார் கேட்பார்கள் என்பதுதான் பாக்கி.

யுகாதிக்கு ஊருக்கு வந்தவனை அந்தத் தன்னார்வலர் பிடித்து உட்கார வைத்துப் பிரஷர் பார்த்தார். அவனுக்கும் திட்டு. இப்போது ரூமில் ஒடிசாக்காரத் தோழன் ஒருவனுக்கும் பிபி இருப்பது தெரிந்து, இரண்டு பேரும் மாத்திரை அட்டையை ஒரே டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒருவன் அட்டை குறையவில்லை என்றால் மற்றவன் கேட்கிறான். பாதி இந்தி, பாதி தமிழ்.

எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது. ரூம் மாறினால் போச்சு. அதனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நானும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுகிறேன்.