ஒரே உலைச் சோறு

1606இல் இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தபோது, பரதவக் கிறிஸ்தவர்களுக்காகப் பாதிரியார் கொன்சாலோ பெர்னாண்டஸ் நடத்திய கோயில் இங்கு ஏற்கெனவே இருந்தது. நோபிலி அங்கே தங்கவில்லை. காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தனி மண்குடிசையில் வாழ்ந்தார். உயர்சாதியினர் நெருங்கி வர அது வழிசெய்தது. ஆனால் ஒரே ஊரில் ஒரே விசுவாசம் இரண்டு பந்தியாயிற்று. 1640இல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்காகப் பண்டாரசுவாமிகள் எனத் தனித் துறவியர் ஏற்பட்டனர்.

இந்தப் பந்திப் பிரிவைத்தான் 1847இல் அமெரிக்க மதுரை மிஷன் கையில் எடுத்தது. 1834 முதல் இங்கு இயங்கிய அந்தச் சபை, தன் உபதேசியார்கள் எல்லாச் சாதியினரோடும் ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும் என்றது. பலர் மறுத்து வேலையை இழந்தார்கள். சோற்றை வைத்து விசுவாசத்தைச் சோதிப்பதா என்று கேட்கலாம். நற்கருணையே உணவாக இருக்கும் மதத்தில் வேறெங்கே சோதிப்பது? ஆனாலும் ஆணையிட்டவர்கள் வெள்ளையர்கள், பிழைப்பை இழந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். அந்த ஏற்றத்தாழ்வையும் மறந்துவிடக் கூடாது.

யாரோடு உண்பது என்ற அதே கேள்வி, 1969இல் உருவான மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாட்டாக எழுந்தது. அங்கு கற்பித்த தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று அறியப்பட்டவர், 2005இல் மறைந்தார். ‘ஒரே உலை’யில் சமைத்துப் பகிர்வதையே இறையியலாக்கினார். கர்நாடக இசையில் ஊறிய ஆராதனைக்குள் நாட்டுப்புற மெட்டைக் கொண்டுவந்தார். ஒதுக்கப்பட்ட பறையும் வழிபாட்டுக்குள் வந்தது.