ஆசியப் பெண்கள் ஹொக்கி: மரபும் நிறுவனமும்

1982ஆம் ஆண்டின் இறுதியிற் புதுடில்லியில் நடைபெற்ற ஒன்பதாவது ஆசிய விளையாட்டு விழாவிலேயே பெண்கள் ஹொக்கி முதன்முறையாக இடம்பெற்றது. எலிசா நெல்சனின் தலைமையில் விளையாடிய இந்திய அணி, தென் கொரிய அணியை 6–0 என்ற கோல் கணக்கில் வென்று தங்கப் பதக்கத்தைத் தனதாக்கிக்கொண்டது. அதே விழாவில், அதே நகரில், இந்திய ஆண்கள் அணி பாகிஸ்தானிடம் 1–7 எனத் தோல்வியுற்றது. ஆண்களின் அத்தோல்வி இன்றும் நினைவுகூரப்படுகின்றது. பெண்களின் வெற்றி அந்த அளவுக்கு நினைவில் நிலைக்கவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1986இல் சியோலில் நடைபெற்ற விழாவிலே தென் கொரியா தங்கத்தையும் யப்பான் வெள்ளியையும் பெற, இந்தியா மூன்றாம் இடத்துடன் அமைய வேண்டியதாயிற்று. மேலும் இரண்டு ஆண்டுகளில் தென் கொரியப் பெண்கள் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் நின்றனர். ஆறு கோல் வித்தியாசத்தில் தோற்ற ஓர் அணி ஆறே ஆண்டுகளில் இந்நிலையை எய்தியது எவ்வாறு? நீண்ட ஹொக்கி மரபினையுடைய நாடு அதே காலத்திற் பின்னடைந்தது ஏன்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு, ஆடுகளத்தைக் கடந்து அதன் சமூக அடித்தளத்தையும் நோக்குதல் அவசியமாகும்.

பெண்கள் ஹொக்கியின் நவீன வரலாறு இங்கிலாந்தில் தொடங்குகின்றது. 1887இல் மோல்சி என்னுமிடத்திற் பெண்களுக்கான முதலாவது ஹொக்கிக் கழகம் தோன்றியது. 1895இல் அகில இங்கிலாந்துப் பெண்கள் ஹொக்கிச் சங்கம் அமைந்தது. அக்காலத்தில் இது பெரும்பாலும் நடுத்தர, உயர் வகுப்புப் பெண்களின் பள்ளிகளையும் கல்லூரிகளையும் சார்ந்த விளையாட்டாகவே விளங்கிற்று. குடியேற்ற ஆட்சியின் வழியாக ஆசியாவுக்கு வந்தபோதும் அது அத்தன்மையை இழக்கவில்லை. இந்தியாவில் ஆங்கிலப் பெண்கள் பள்ளிகளும், இராணுவப் பாளையங்களும், ஆங்கிலோ-இந்தியர் செறிந்து வாழ்ந்த இரயில்வேக் குடியிருப்புகளும் பெண்கள் ஹொக்கியின் முதல் விளைநிலங்களாயின. பொது மைதானத்திற் பெண்கள் ஓடி விளையாடுவதைப் பிற சமூகங்கள் தயக்கத்துடன் நோக்கிய காலத்தில், ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களிலே அத்தடை குறைவாயிருந்தமை இதற்கு ஒரு காரணமாகும்.

கல்கத்தாவைச் சேர்ந்த ஆன் லம்ஸ்டன் 1961இல் அருச்சுனா விருதினைப் பெற்ற முதலாவது பெண்மணியானார். பெங்களூரைச் சேர்ந்த எல்வெரா பிரிட்டோ 1965இல் அவ்விருதினைப் பெற்றார். எல்வெரா, ரீட்டா, மே ஆகிய பிரிட்டோ சகோதரிகள் மூவரும் 1960களில் மைசூர் அணியின் தூண்களாய் விளங்கினர். எல்வெரா தம் நாட்டுக்காக அவுஸ்திரேலியா, யப்பான் ஆகியவற்றுக்கு எதிராக மட்டுமன்றி இலங்கைக்கு எதிராகவும் விளையாடியவர் என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது.

எனினும் உலக அரங்கிற் பெண்களுக்கான இடம் எளிதிற் கிட்டவில்லை. ஆண்கள் ஹொக்கி 1908இலேயே ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. இந்திய ஆண்கள் 1928இல் தங்கம் வென்றனர். பெண்களோ 1980வரை காத்திருந்தனர். ஆசிய விளையாட்டு விழாவில் ஆண்கள் ஹொக்கி 1958இல் தொடங்கியது. பெண்களின் ஹொக்கி அதற்கு 24 ஆண்டுகளின் பின்னரே தொடங்கிற்று. இத்தாமதத்துக்கு ஆண்களின் அலட்சியம் மட்டும் காரணமன்று. 1927இல் அமைந்த பெண்கள் ஹொக்கிச் சங்கங்களின் சர்வதேசச் சம்மேளனம், கிண்ணங்களுக்கும் பட்டங்களுக்குமான போட்டியை விரும்பாது, சுற்றுப்பயணங்களையும் நட்புறவு ஆட்டங்களையுமே போற்றியது. ஆண்களின் நிருவாகத்திலிருந்து விலகித் தம் விளையாட்டைத் தாமே நடத்திய பெண்களின் சுயாதீனம் அதிலிருந்தது என்பதை மறுத்தல் இயலாது. ஆயின் ஒலிம்பிக் வாயில் 1924இல் உருவான சர்வதேச ஹொக்கிச் சம்மேளனத்தின் கையிலேயே இருந்தது. 1974இல் பிரான்சின் மாண்டெலியூ நகரில் முதலாவது பெண்கள் உலகக் கிண்ணப் போட்டியை நடத்தியதும் அச்சம்மேளனமே. இரு அமைப்புகளும் 1982இலேயே ஒன்றிணைந்தன.

இந்த மாறுதற் காலத்தில் ஆசியாவின் குரலாக ஒலித்தது இந்தியா. 1974 உலகக் கிண்ணத்தில் அது நான்காம் இடத்தைப் பெற்றது. 1980இல் மொஸ்கோ ஒலிம்பிக்கைப் பல நாடுகள் புறக்கணித்த சூழலில், ஆறு அணிகள் மட்டுமே பங்குபற்றிய பெண்கள் போட்டியிலும் நான்காம் இடம் கிடைத்தது. அப்போது அணித் தலைவியாயிருந்தவர் ரூபா சைனி. அவரும் பிரேமா, கிருஷ்ணா, சுவர்ணா ஆகிய அவர்தம் சகோதரிகளும் இந்தியாவுக்காக விளையாடியவர்கள். ஆங்கிலோ-இந்தியச் சமூகத்திலிருந்து பஞ்சாபின் குடும்பங்களுக்கு இவ்விளையாட்டு பரவியமையை இச்சகோதரிகள் நமக்கு உணர்த்துகின்றனர். 1982இன் வெற்றி இவ்விரு தலைமுறைகளின் உழைப்பிலும் விளைந்ததெனலாம்.

தென் கொரியாவின் எழுச்சியோ வேறு அடிப்படையிலமைந்தது. அங்கு பெண்கள் ஹொக்கிக்கு நெடிய மரபெதுவும் இருந்ததில்லை. ஆயினும் 1966இலிருந்து தேரூங் என்னுமிடத்தில் தேசியப் பயிற்சி நிலையம் இயங்கி வந்தது. சர்வதேசப் பதக்கம் பெற்றோருக்கு ஓய்வூதியம் வழங்கும் முறை 1970களில் உருவாகியிருந்தது. 1988 ஒலிம்பிக்கை நடத்தும் உரிமை 1981இற் சியோலுக்குக் கிடைத்ததும், மறு ஆண்டே விளையாட்டுக்கெனத் தனி அமைச்சு தோற்றுவிக்கப்பட்டது. உலகிற் குறைந்த நாடுகளே வலுப்பெற்றிருந்த ஒரு துறையாகப் பெண்கள் ஹொக்கி அன்று காணப்பட்டது. திட்டமிட்ட முதலீட்டுக்கு அங்கே விரைவிற் பயன் கிடைக்கக்கூடியதாயிருந்தது. பாடசாலைகளிலிருந்து தெரிவுசெய்யப்பட்ட பெண்கள் இடைவிடாத கூட்டுப் பயிற்சிக்கு உட்படுத்தப்பட்டனர்.

அதன் விளைவுகள் விரைந்து வந்தன. 1985இற் சியோலில் நடைபெற்ற முதலாவது பெண்கள் ஆசியக் கிண்ணம் தென் கொரியாவுக்குரியதாயிற்று. 1988 ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் அவுஸ்திரேலியாவிடம் 0–2 எனத் தோற்று வெள்ளி பெற்றது. அவ்வணியின் முன்னணி வீராங்கனையாக லிம் கே-சுக் புகழ்பெற்றார். 1989இற் சாம்பியன்ஸ் கிண்ணம், 1990 உலகக் கிண்ணத்தில் மூன்றாம் இடம், 1996 அத்லாந்தா ஒலிம்பிக்கில் மீண்டும் வெள்ளி என அந்த வரிசை நீண்டது. 1986 முதல் 1998 வரை நடைபெற்ற நான்கு ஆசிய விழாக்களிலும் தங்கம் தென் கொரியப் பெண்களுக்கே உரியதாயிற்று.

இக்காலத்தில் ஆட்டத்தின் பௌதிக அடிப்படையும் மாறிக்கொண்டிருந்தது. 1976 மொன்றியல் ஒலிம்பிக்கிற் செயற்கைப் புற்றரை அறிமுகமாகியது. இயற்கைப் புற்றரையில் மட்டையின் நுட்பத்தாற் பந்தைக் கட்டுப்படுத்தும் திறன் முதன்மை பெற்றிருந்தது. செயற்கைத் தரையிலோ பந்து விரைந்தும் சீராகவும் ஓடுவதால், வேகமும் உடலுறுதியும் ஒழுங்கமைந்த கூட்டாட்டமும் முதன்மை பெற்றன. அத்தகைய தரையை அமைப்பதும் பேணுவதும் பெருஞ் செலவுக்குரியவை. ஆண்களுக்கே போதிய தரைகளில்லாத நாடுகளிற் பெண்களின் முறை இறுதியிலேயே வந்தது. இந்தியாவின் பின்னடைவுக்கும், இலங்கை போன்ற நாடுகள் பிராந்திய மட்டத்தைத் தாண்ட இயலாது இடர்ப்படுவதற்கும் இது ஒரு முக்கிய காரணமாகும். 2016இல் குவாஹாத்தியில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டு விழாவின் இறுதியாட்டத்தில் இலங்கைப் பெண்கள் இந்தியாவிடம் 0–10 எனத் தோற்று வெள்ளி பெற்றனர். அக்கோல் கணக்கை வீராங்கனையரின் குறையாக மட்டுங் கொள்வது பொருந்தாது; அவர்கள் பயின்ற தரையையும் பெற்ற வாய்ப்பையும் சேர்த்தே அதனை மதிப்பிடல் வேண்டும்.

தென் கொரியாவின் வழியைப் பின்பற்றி அதனை விஞ்சியது சீனா. ஆங்கிலக் குடியேற்ற மரபுடன் தொடர்பற்ற ஒரு வேர் அங்கிருந்தது. உள் மொங்கோலியாவின் மொரின் தாவா பகுதியில் வாழும் தாகூர் இனத்தவர், வளைந்த மரக்கோல்களைக் கொண்டு பந்தடிக்கும் விளையாட்டொன்றைப் பரம்பரையாகப் பேணி வந்தனர். 1970களிற் சீனா நவீன ஹொக்கியை ஏற்றபோது அப்பகுதியே அதன் தொட்டிலாயிற்று. ஆனால் உலகத் தரத்தை எய்துவதற்கு அம்மரபு மட்டும் போதவில்லை. மாகாண விளையாட்டுப் பள்ளிகளும் அரச நிதியும், 1999இற் பொறுப்பேற்ற தென் கொரியப் பயிற்றுநர் கிம் சாங்-பெக்கின் கடும் பயிற்சியும் இணைந்தபோதே அது கைகூடியது. 2002இற் பூசானிலும், பின்னர் 2006, 2010ஆம் ஆண்டுகளிலும் ஆசியத் தங்கம் சீனாவைச் சேர்ந்தது. 2008இற் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நெதர்லாந்திடம் 0–2 எனத் தோற்று வெள்ளி பெற்றது. 2024இற் பாரிசில் அதே நெதர்லாந்துடன் 1–1 எனச் சமநிலை கண்டு, தீர்மான அடிகளிலேயே தங்கத்தை இழந்தது.

யப்பானின் வழி இவற்றினின்றும் சற்று வேறானது. பெரு நிறுவனங்களின் அணிகள் அங்கு வீராங்கனையருக்குத் தொழிலையும் விளையாட்டையும் ஒருங்கே வழங்கின. முன்னேற்றம் மெதுவாகவே நிகழ்ந்தது. 2004இலேயே யப்பானியப் பெண்கள் முதன்முறையாக ஒலிம்பிக்கில் ஆடினர். 2018இல் ஜகார்த்தாவில் இந்தியாவை 2–1 என வென்று முதன்முறையாக ஆசியத் தங்கத்தைப் பெற்றனர்.

இந்தியாவில் நிகழ்ந்ததென்ன? 1980க்குப் பின் 36 ஆண்டுகள் இந்தியப் பெண்கள் ஒலிம்பிக்கை எட்டவில்லை. ஆயினும் அவ்விடைக்காலம் வெறுமையானதன்று. 1998இற் பாங்கொக்கில் வெள்ளியும், 2004இற் புதுடில்லியில் ஆசியக் கிண்ணமும் கிடைத்தன. 2002இல் மஞ்செஸ்டர் பொதுநலவாய விளையாட்டு விழாவில், மணிப்பூரைச் சேர்ந்த சூரஜ் லதா தேவியின் தலைமையில் இந்தியா இங்கிலாந்தை 3–2 என வென்று தங்கம் பெற்றது. இவற்றைவிட ஆழமான மாற்றம் வீராங்கனையரின் சமூகப் பின்னணியில் ஏற்பட்டது. அரியானாவின் ஷாஹாபாத் என்னும் சிற்றூரிற் பயிற்றுநர் பல்தேவ் சிங்கிடம் பயின்ற பெண்கள் ஒருவர்பின் ஒருவராகத் தேசிய அணியை அடைந்தனர். அவர்களுள் வண்டியிழுக்கும் தொழிலாளியின் மகளான ராணி ராம்பால், 15 வயதிலேயே 2010 உலகக் கிண்ணத்தில் விளையாடினார். சார்க்கண்டின் சிம்தேகாவும் ஒடிசாவின் சுந்தர்காரும் ஆதிவாசி வீராங்கனையரின் ஊற்றாயின. ஆடு ஒன்றைப் பரிசாக வைத்துக் கிராமங்களுக்கிடையே ஹொக்கிப் போட்டி நடத்துவது அப்பகுதிகளின் வழக்கம். சுமராய் தேத்தே, நிக்கி பிரதான், சலிமா தேத்தே போன்றோர் இத்தகைய சூழலிலிருந்து வந்தவர்கள். இரயில்வே வழங்கிய வேலைவாய்ப்பு இப்பெண்கள் பலருக்கு விளையாட்டைத் தொடர்வதற்குரிய பொருளாதார ஆதாரமாயிற்று.

இவர்களின் பயன் 2021இல் வெளிப்பட்டது. ஓராண்டு தாமதித்து நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கிற் காலிறுதியில், குர்ஜித் கௌர் அடித்த கோலினால் இந்தியா அவுஸ்திரேலியாவை 1–0 என வென்றது. அரையிறுதியில் ஆர்ஜென்ரீனாவிடமும், வெண்கலத்துக்கான ஆட்டத்திற் பிரித்தானியாவிடம் 3–4 எனவும் தோற்று, மீண்டும் நான்காம் இடத்தில் நின்றது. அதே போட்டியில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல்களை அடித்த வந்தனா கட்டாரியாவின் குடும்பத்தினர், அரையிறுதித் தோல்விக்குப் பின் தம் ஊரிற் சாதிப் பெயரால் இழிவுசெய்யப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. ஒரு நாட்டின் சின்னத்தை அணிந்து ஆடும் பெண்ணும் அந்நாட்டின் சமூக ஏற்றத்தாழ்வுகளிலிருந்து விடுபட்டவளல்லள் என்ற உண்மையை இந்நிகழ்ச்சி வெளிப்படுத்திற்று.

எனினும் எந்த நாட்டின் வழியும் நிலையான உறுதியை அளித்ததாகக் கூறுதல் இயலாது. 1988 முதல் 2016 வரை ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் ஆடிய தென் கொரியா, 2021இல் டோக்கியோவில் இடம்பெறவில்லை. மேலிருந்து திட்டமிட்டு எழுப்பிய கட்டடத்துக்குக் கீழே பரந்த அத்திவாரம் இல்லாதவிடத்து, அரசின் நாட்டங் குறையக் கட்டடமுந் தளர்கின்றது. மறுபுறத்தில், பரந்த அடித்தளம் உள்ள இந்தியா 2024 சனவரியிற் சார்க்கண்டின் தலைநகரான ராஞ்சியிலேயே யப்பானிடம் 0–1 எனத் தோற்றுப் பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தது. அதே ஆண்டு நவம்பரிற் சலிமா தேத்தேயின் தலைமையிற் சீனாவை 1–0 என வென்று ஆசியச் சாம்பியன்ஸ் கிண்ணத்தைக் கைப்பற்றியது. 2025 ஆசியக் கிண்ண இறுதியில் அதே சீனாவிடம் 1–4 எனத் தோற்றது.

தொகுத்து நோக்குமிடத்து, ஆசியப் பெண்கள் ஹொக்கியின் தலைமை மரபுரிமையாற் கைமாறியதன்று. நிறுவனங்களின் வலுவாற் கைமாறியதென்பது புலனாகும். பள்ளியும் கழகமும் தந்த மரபு இந்தியாவுக்கு 1982இன் தங்கத்தைத் தந்தது. புதிய தரையும் புதிய பயிற்சி முறையும் வந்தபோது அம்மரபு தனித்து நிற்க வலுவற்றதாயிற்று. அதேவேளை, வீராங்கனையர் உருவாகும் ஊர்களையும் குடும்பங்களையும் மறந்த நிறுவனமும் நெடுங்காலம் நிலைப்பதில்லை. எலிசா நெல்சனின் தலைமுறையும் சலிமா தேத்தேயின் தலைமுறையும் வேறுவேறு சமூகங்களிலிருந்து வந்தவை. அவ்விரு தலைமுறையினரின் பெயர்களும் ஆண்களின் பெயர்களுக்கு நிகராக வரலாற்றிற் பதிவு பெறுதல் வேண்டும். அப்பதிவு முழுமை பெறாதவரை ஆசிய ஹொக்கியின் வரலாறு பாதி வரலாறாகவே இருக்கும்.