மாசி என்னும் மீன்பெயர்

மரக்கறி உணவுக்காரர் நீங்கலாக, சம்பலுக்கு மாசி இடித்துப் போடாத வீடு நம் நாட்டிலே குறைவு. ஆனால், "மாசி என்றால் என்ன?" என்று வகுப்பிலே கேட்டால், மாணவர் மாதத்தைத்தான் காட்டுகின்றனர். மாசி மாத வெயிலில் உலர்த்தியதாம்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மாதப் பெயரோ மக நட்சத்திரத்தையொட்டி வந்தது. கருவாட்டுக்கும் அதற்கும் உறவில்லை.

இச்சொல்லின் பிறந்தகம் மாலைதீவு என்பதே என் துணிபு. அங்கு வழங்கும் திவெஹி, சிங்களத்துக்கு நெருங்கிய மொழி. அதிலே "மஸ்" என்றால் மீன். வடமொழியின் மத்ஸ்ய, பாளியிலே மச்ச. திவெஹியில் அது மஸ் ஆயிற்று. சிங்களத்தில் மஸ் என்பது இறைச்சி. அது மாம்ஸ என்பதன் வழிவந்த வேறு சொல். ஒலியை மட்டும் நம்பினால் இங்கே வழுக்கிவிடும். ஸகர மெய்யில் தமிழ்ச்சொல் முடிவதில்லை. ஆகவே ஈற்றில் இகரம் பெற்று, முதலும் நீண்டு, மாசி ஆனதெனக் கொள்ளலாம்.

சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலிற் காயவிட்டு, மரக்கட்டைபோல் இறுகச் செய்வது மாலைதீவாரின் பழைய கைத்தொழில். 1343இல் அங்கு போய், காதியாராகவும் இருந்த இபின் பதூதா இதனை விரிவாக எழுதியுள்ளார். மீனை நாலு துண்டாக வெட்டிச் சிறிது அவிப்பார்களாம். பின்னர் ஓலைக்கூடையிலிட்டுப் புகையில் தொங்கவிடுவார்களாம். இந்தியா, சீனம், யெமன் வரை அது சென்றதாம். அவர் தரும் பெயர் "குல்ப் அல் மாஸ்". சூரைக்கு மாலைதீவார் இட்ட பெயர் "களுபிலமஸ்". களு என்றால் கறுப்பு. அரபுச் செவி நடுவிலே தன் மொழியின் "அல்" என்பதைக் கேட்டுவிட்டது போலும்! 1344இல் இலங்கைக்கு வந்து ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு பேசியவரும் இவரே.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மத்ஸ்ய என்பது இருக்கு வேதத்திலேயே உள்ள பழஞ்சொல். வடமொழியில் வழங்கும் மற்றச் சொல்லான மீன என்பதோ திராவிடத்திலிருந்து அங்கு சென்றது என்பது பரோ முதலிய மொழிநூலார் கருத்து. நம் மீன் வடக்கே போயிற்று. அங்குள்ள மத்ஸ்ய, மாலைதீவைச் சுற்றிப் புகை மணத்தோடு நம் அடுக்களைக்கு வந்தது. மாசிக்கருவாடு என்று கடையிலே கேட்பவர், சொற்பொருள்படி, மீன்கருவாடு என்றுதான் கேட்கிறார்.